வீட்டு வாசலா, தேக்காவா? நேரில் கருத்தாய்வு எடுக்க ஏற்ற இடம்

சிங்கப்பூர்த் தமிழர் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று நேரில் கேட்டு எழுத ஒரு சின்னக் குழு திட்டமிட்டது. 400 பேர் வேண்டும். "ஞாயிறு சாயங்காலம் தேக்காவில் நாலு பேர் நின்றால் இரண்டே வாரத்தில் முடிந்துவிடும்" என்றார் ஒருவர். தேக்கா என்பது லிட்டில் இந்தியா, தமிழர் கூடும் கடைத்தெரு. நான் ஒத்துக்கொள்ளவில்லை, அடுக்குமாடி வீடுகளில் புளோக் புளோக்காக ஏறிக் கதவைத் தட்டலாம் என்றேன். இரண்டு விதமாகவும் பல வருடம் ஆய்வு எடுத்திருப்பதால் ஏன் என்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தேக்காவின் வசதியை மறுக்க முடியாது. தமிழரைத் தேடி அலைய வேண்டாம், அவர்களே வருகிறார்கள். ஆனால் நாம் கேட்கப்போகும் கேள்விக்கு அந்த இடமே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. மல்லிகைப் பூவும் முருங்கைக்கீரையும் வாங்க ரயிலேறி வருகிறவர் வீட்டில் தமிழ் ஒலிக்கும் வாய்ப்பு அதிகம். பொங்கோல் பேட்டையில் ஆன்லைனில் மளிகை வாங்கி, பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசும் குடும்பம் அன்று அங்கே இருக்காது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலுமான இந்தியரில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 29.2 விழுக்காடு. 2010இல் அது 36.7 ஆக இருந்தது. தேக்காவில் மட்டும் கேட்டால் அந்தச் சரிவு நடக்கவே இல்லை என்று நம்பிவிடுவோம். நம் மொழி விஷயத்தில் அப்படி ஒரு பொய்யான நிம்மதி எனக்கு வேண்டாம்.

இன்னொன்று, அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் சேர்த்தது. ஞாயிறன்று தேக்காவில் நிற்பவர்களில் வேலை அனுமதியில் வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன்மார் ஏராளம். முதல் கேள்வியிலேயே அதைக் கேட்டுப் பிரிக்காவிட்டால் எல்லாம் கலந்துவிடும்.

சரி, கதவைத் தட்டுவது லேசா? இல்லவே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, அதாவது ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குவியாமல் தடுக்கும் விதி, இருக்கிறது. ஒரு புளோக்கில் இந்தியருக்கும் பிற இனத்தாருக்கும் சேர்த்து உச்சவரம்பு 15 விழுக்காடு. அதற்குள்தான் மலையாளி, பஞ்சாபி, யூரேசியர் எல்லாரும் வர வேண்டும். 100 கதவில் தமிழர் வீடு ஏழெட்டு அமைந்தாலே பெரிது. அதிலும் பாதியில் ஆள் இருக்காது. நான் எப்போதும் மேல்மாடிக்கு லிஃப்டில் போய்ப் படியில் இறங்கி வருவேன். முழங்கால் அப்படித்தான் தாங்கும்.

இந்த அலைச்சலில் ஒரு ஆசை வரும். தாழ்வாரத்தில் நடக்கும்போது மாவிலைத் தோரணம், கோலம் இருக்கும் வாசலை மட்டும் தட்டலாமே என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தோரணம் இல்லாத வாசலுக்குப் பின்னால்தான் தமிழ் முஸ்லிம் குடும்பமும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமும் இருக்கலாம், ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட இளம் தம்பதியும் இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டால் தேக்காவில் செய்யும் அதே தவறைப் படியேறிப் போய்ச் செய்ததாகிவிடும்.

வாசலில் கிடைக்கும் பெரிய நன்மை, யாரிடம் கேட்பது என்பதை நாம் தீர்மானிக்கலாம். கதவைத் திறந்தவரிடமே கேட்டால் பாட்டிகளும் ஓய்வு பெற்றவர்களுமே குவிவார்கள். புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் இதற்கென்றே வீட்டு ஆட்களை வரிசைப்படுத்தி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணை ஒன்றைத் தந்தார். எளிய வழியும் உண்டு: "வீட்டில் வயது வந்தவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது?" என்று கேட்டு அவரோடுதான் பேச வேண்டும். அவர் வேலையில் இருந்தால் இன்னொரு நாள் இரவு ஏழரைக்கு மேல் திரும்ப வர வேண்டும். மூன்று தடவையாவது, வேறு வேறு நேரத்தில். தெருவில் கைவசம் இருப்பது ஒரே ஒரு ஒழுங்குதான்: கடந்து போகிறவர்களில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்துவது. இல்லாவிட்டால் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் முகங்களையே நம்மையறியாமல் பொறுக்குவோம்.

சந்தேகம் இரண்டு இடத்திலும் உண்டு. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் "ஒரு சின்ன சர்வே" என்றாலே காப்புறுதி விற்க வந்தவர் என்று ஒதுங்கிப் போகிறார்கள். வீட்டிலோ மோசடிப் பயம். அதற்கு முன்கூட்டியே ஒரு கடிதம், கழுத்தில் அடையாள அட்டை, வாசல் கதவுக்கு வெளியிலேயே நின்று பேசுவது என்று மருந்து இருக்கிறது. தெருச் சந்தேகத்துக்கு அப்படி மருந்து எதையும் நான் கண்டதில்லை. பதில் சொல்பவருடைய தேசிய அடையாள அட்டை எண்ணை மட்டும் எங்கேயும் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் முதல் அதற்குக் கடுமையான விதி இருக்கிறது.

தெருவில் இன்னொரு தொல்லை, கூட்டம். ஒரு தம்பியிடம் கேட்டால் மூன்று நண்பர்கள் பதில் சொல்வார்கள். வீட்டிலும் மகன் குறுக்கே பேசுவான், ஆனால் அவன் உள்ளே போனதும் அம்மா உண்மையைச் சொல்வார். "பேரப்பிள்ளைகிட்ட இங்கிலீஷ்லதான்யா பேசுறேன், என்ன பண்றது" என்று ஓர் ஆன்ட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். மகன் பக்கத்தில் நின்றபோது எழுதிய பதில் "தமிழ்". நாம் "வணக்கம்" என்று தொடங்கினாலே பதில் தமிழ்ப் பக்கம் சாயும். அதனால் எந்த மொழியில் பேசலாம் என்று அவரையே முதலில் கேட்டுவிடுவேன்.

கதவு தட்டுவதிலும் ஓட்டை உண்டு. தனியார் அடுக்குமாடியான கொண்டோவில் காவலாளி உள்ளே விடமாட்டார். தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் எந்த புளோக்கிலும் அகப்பட மாட்டார். அவர்களுடைய குரல் வேண்டுமென்றால் (சம்பளம், உடல்நலம் பற்றிய ஆய்வுக்கு நிச்சயம் வேண்டும்) ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

செலவில் தேக்காதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. அதனால் குழுவிடம் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னேன். ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த 400 பேர் என்றால் பிழை இரு பக்கமும் சுமார் 5 விழுக்காட்டுப் புள்ளி, 200 பேர் என்றால் சுமார் 7. ஒரே புளோக்கில் குவித்தால் இன்னும் கூடும், ஆகவே பல பேட்டைகளில் பரப்ப வேண்டும். தேக்காவில் 4,000 பேரைக் கேட்டாலும் அங்கே வராதவர்கள் கணக்கில் வரப்போவதில்லை. இன்னொரு வேண்டுகோளும் வைத்தேன்: ஆய்வு எடுப்பவருக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் மணிக்கணக்கில் சம்பளம் கொடுங்கள். படிவத்துக்குக் காசு என்றால் மூன்றாவது தடவை யார் படியேறுவார்?

200 பேரை வீட்டு வாசலில் கேட்பது, தங்குவிடுதி ஊழியர் 50 பேரை ஞாயிறன்று தேக்காவில் தனியாகக் கேட்பது, இரண்டையும் ஒரே கூட்டலில் சேர்க்காமல் தனித்தனி அட்டவணையாக வைப்பது என்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை காலை ஈசூன் பேட்டையில் தொடங்குகிறோம்.