எம்பியு4 போர்டு ரிப்பேருக்கு அனுப்பப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு அனுப்புங்க

என் ஃப்ரூட் மெஷினோட மூளையான எம்பியு4 போர்டை ஒருத்தர்கிட்ட ரிப்பேருக்கு அனுப்பி ஏமாந்த கதை, ஜனவரியில நடந்தது இது. கோவம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம்னு விட்டு வெச்சேன், ஆறவே இல்ல, அதனால எழுதிடறேன்.

ஃப்ரூட் மெஷின் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இங்க பிரிட்டன்ல பப்புக்குப் பப்பு ஒரு மூலையில மினுக்கிட்டு நிக்குமே, காசு போட்டு ஆடற சூதாட்ட மெஷின், அதுதான். அமெரிக்க ஸ்லாட் மாதிரி காசு போட்டு பட்டனைத் தட்டிட்டு வாய் பார்க்கற சமாச்சாரம் இல்ல. ஹோல்டு இருக்கு, அதாவது ரெண்டு செர்ரி வந்தா அந்த ரெண்டு ரீலையும் (படம் போட்ட சுத்தற உருளை) பிடிச்சு வெச்சுட்டு மூணாவதை மட்டும் சுத்த விடலாம். நட்ஜ் இருக்கு, ரீலை ஒரு படி தள்ளி விடலாம். 98ல மான்செஸ்டருக்குப் படிக்க வந்தப்போ ராத்திரி ஒரு பப்புல கிளாஸ் பொறுக்கற வேலை பார்த்தேன், அங்க ஒரு பெரியவர் தினம் வந்து அந்த மெஷின் முன்னாடியே நிப்பார், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு "மேட், அந்த மூணாவது பட்டனைத் தட்டு"ன்னார், தட்டினேன், காசு கொட்டின சத்தம் இருக்கே, இன்னிக்கும் காதுல இருக்கு. அந்த மெஷினை செஞ்ச பார்க்ரெஸ்ட் கம்பெனியும் பக்கத்துலதான், ஆஷ்டன்-அண்டர்-லைன், பஸ்ல போற தூரம். அப்போ அது தெரியாது.

அதே பார்க்ரெஸ்ட் மெஷின் ஒண்ணை ரெண்டு வருஷம் முன்னாடி 150 பவுண்டுக்கு வாங்கினேன். எந்த மெஷின்னு பேர் சொல்ல மாட்டேன், சொன்னா இந்த வட்டாரத்துல யாரைப் பத்திப் பேசறேன்னு உடனே தெரிஞ்சிடும், எனக்கு அந்த வம்பு வேண்டாம். கராஜ்ல எறக்கினதும் என் வீட்டுக்காரி ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு "ஏங்க, இந்தப் பொட்டிக்கு மாச வாடகை எவ்வளவு தருவீங்க"ன்னு கேட்டா. காயின் மெக், அதாவது காசு வாங்கற பாகம், பழைய வட்டமான ஒரு பவுண்டு காசைத்தான் எடுக்கும், அது 2017 அக்டோபரோட செல்லாம போயிடுச்சு, புது 12 மூலை காசைப் போட்டா அப்படியே கீழ துப்பிடும், அதனால பழைய காசு ஒரு 20 தேடிப் பிடிச்சு டப்பால வெச்சிருக்கேன், போட்டு விளையாடி திரும்ப எடுத்துக்கறதுதான்.

இந்த மெஷினுக்கு மூளை எம்பியு4ன்னு ஒரு போர்டு. 6809 பிராசஸர். இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி ஒண்ணு இருக்கு, மெமரிக்குன்னு ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியை போர்டுலயே சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க, முப்பது வருஷத்துல அது ஒழுகி பக்கத்துல இருக்கற ஐசி (சிப்) காலையெல்லாம் அரிச்சு பச்சையாக்கிடும். எல்லாரும் ஆசிட் ஒழுகிடுச்சும்பாங்க, அது ஆசிட் இல்ல, காரம், அதனால சோடா உப்பைப் போட்டுத் தேய்க்காதீங்க, வினிகர்தான் முறிக்கும். நானும் பேட்டரியை வெட்டி எடுத்துட்டு பழைய டூத் பிரஷ்ஷால வினிகர் தொட்டுத் துடைச்சு வேற பேட்டரியை வயர்ல தொங்க விட்டேன். அப்போ கேம் கார்டை, அதாவது அந்த கேமுக்குன்னு உள்ள சிப்புகள் இருக்கற சின்ன போர்டை, கழட்டி பக்கத்துலயே வெச்சிருந்தேன், கை தவறி சால்டரிங் அயர்ன் அதுல ஒரு சிப் மேல பட்டுடுச்சு. ஸ்டிக்கர் கருகி பிறை நிலா மாதிரி ஒரு தழும்பு. அய்யோன்னு தலையில அடிச்சுக்கிட்டு, சிப் போச்சா இல்லையான்னு ஒரு நண்பர்கிட்ட கேக்கறதுக்காக போட்டோ எடுத்து அனுப்பினேன். நல்லவேளை ஒண்ணும் ஆகல. இந்தப் போட்டோவை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சு, அப்புறம் விளையாடிட்டு இருக்கும்போதே தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சுது. போர்டுல எங்கயோ ஒரு டிராக் (கரண்ட் போற செம்புக் கோடு) உள்ளுக்குள்ள அரிச்சிருக்கணும், எனக்கு அதுக்கு மேல கை வராது. சரி தெரிஞ்சவங்ககிட்ட கொடுப்போம்னு விசாரிச்சதுல ஒருத்தர் இருக்கார், இருபது வருஷமா இதே வேலைன்னு சொன்னாங்க. போன்ல நல்லாப் பேசினார், ரொம்ப நல்லாவே பேசினார், அங்கயே சுதாரிச்சிருக்கணும். போர்டு ரிப்பேர் 85 பவுண்டு, டெஸ்ட் பண்ணணும் அதனால கேம் கார்டையும் சேர்த்து அனுப்புங்கன்னார். பணத்தை பேபால்ல ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலின்னு போட்டு விடுங்க, கமிஷன் மிச்சமாகும்னார். அப்படிப் போட்டா ஏதாவது ஆனா பேபால் ஒரு பைசா திருப்பி வாங்கித் தராது. தெரிஞ்சும் போட்டேன். எங்க போய் சொல்ல.

மூணு வாரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு மெசேஜ், போர்டு ரெடி, ஆனா உங்க ராம் செத்துப் போச்சு, புது செட் 60 பவுண்டு. ராம்னா இங்க RAM இல்ல, ROM, கேம் புரோகிராமை எழுதி வெச்சிருக்கற சிப். சரின்னு அதையும் அனுப்பினேன். பார்சல் வந்தது, போர்டு மேல பளபளன்னு பச்சை வார்னிஷ், அடியில அரிப்பு அப்படியே இருக்கு, நெகம் வெச்சுக் கீறினா உரியுது. மாட்டி ஸ்விட்ச் போட்டா விளக்கு எரியுது, கேம் ஆரம்பிக்கவே மாட்டேங்குது. முன்னாடி ரீசெட்டாவது ஆச்சு. கேட்டா "வழியில அடிபட்டிருக்கும், என்கிட்ட நல்லா ஓடிச்சு"ன்னு ஒரே பல்லவி.

ஆனா மனுஷன் ஒரு தப்பு பண்ணிட்டார், செத்துப் போன பழைய ராம்னு சொல்லி என்னோடதை ஒரு கவர்ல போட்டுக் கூடவே அனுப்பிட்டார். நான் ஒரு ஈப்ராம் ரீடர் வாங்கினேன், யுஎஸ்பில போட்டு இந்த மாதிரி சிப்பைப் படிக்கறது. படிச்சு சிஆர்சி எடுத்து, அதாவது உள்ள இருக்கற டேட்டாவை வெச்சுக் கணக்குப் போட்டு வர்ற ஒரு அடையாள நம்பர், அதை மேம் எமுலேட்டர்ல (பழைய மெஷின் கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) இந்த மெஷினுக்குப் போட்டிருக்கற நம்பரோட ஒப்பிட்டா, எட்டு எழுத்தும் அச்சு அசல் அதே. செத்த ராம்ல அப்படி வராது, ஒரு பிட் மாறியிருந்தாலும் நம்பர் மொத்தமா வேற ஆகியிருக்கும். அதையே எம்எஃப்எம்இல போட்டேன், இது பிரிட்டிஷ் ஃப்ரூட் மெஷின்களுக்குன்னே ஒருத்தர் எழுதின எமுலேட்டர், கண்ணாடிப் படம் வரைக்கும் ஸ்கேன் பண்ணி விளக்கோட எரிய விட்டிருப்பாங்க. ராத்திரி ஒன்றரை மணிக்கு லேப்டாப்ல என் மெஷின் சிரிச்சுக்கிட்டு பாடுது, பக்கத்துலயே கராஜ்ல பொட்டி ஊமையா நிக்குது.

அப்போ என் பழைய ராமையே திரும்பக் கார்டுல மாட்டினேன். அப்பவும் ஓடல. சரி கம்ப்யூட்டர்ல ஓடறது இதுல ஏன் ஓடலன்னு யோசிச்சப்போதான் பொறி தட்டிச்சு. எம்பியு4 கேம் கார்டுல ராம் தவிர கேரக்டரைசர்னு ஒரு சின்ன சிப் இருக்கு, காப்பி அடிக்காம இருக்க பார்க்ரெஸ்ட் போட்ட பூட்டு அது. புரோகிராம் அதுகிட்ட அப்பப்போ கேள்வி கேக்கும், சரியான பதில் வரலன்னா விளையாட விடாது. எமுலேட்டர்ல அந்தப் பதில்களை ஒரு பட்டியலா வெச்சிருக்காங்க, அதனால அங்க ஓடுது. ராமை யார் வேணா படிச்சு இன்னொண்ணு எழுதிக்கலாம், இந்த சிப் அப்படி லேசுல கிடைக்காது, காசுக்கு விக்கிற சரக்கு இதுதான்.

அன்னிக்கு அயர்ன் பட்டது இந்த சிப் மேலதான். லென்ஸ் எடுத்துட்டு வந்து பார்த்தேன். ஸ்டிக்கர் இருக்கு. பிறை நிலாவைக் காணோம். போனைத் துழாவி அந்தப் பழைய போட்டோவை எடுத்துப் பக்கத்துல வெச்சா எழுத்தும் வேற, ஸ்டிக்கர் ஒட்டின கோணமும் வேற.

போட்டோவை அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துது, அதோட நம்பர் பிளாக். வழக்கு போடலாம், 300 பவுண்டு வரைக்கும் கேட்டா கோர்ட் கட்டணம் 35 தான், ஆனா அதுக்கு ஆளோட அட்ரஸ் வேணும், என்கிட்ட இருக்கறது ஒரு பார்சல் கடை அட்ரஸ். என் மேலயும் தப்புதான்.

இனிமே அனுப்பறவங்க போர்டை மட்டும் அனுப்புங்க, கேம் கார்டை வீட்லயே வெச்சுக்கோங்க, ஒழுங்கான ஆள்கிட்ட டெஸ்ட் பண்ண அவரோட கார்டே இருக்கும். அனுப்பியே ஆகணும்னா ஒவ்வொரு சிப்பையும் கிட்டக்கப் போய் போட்டோ எடுங்க, ராமை முதல்ல படிச்சு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. என் கார்டுல இப்போ மாட்டியிருக்கற சிப் யாரோ ஒருத்தரோட மெஷின்லேர்ந்து பிடுங்கினது, அவங்களும் எங்கயோ ஓடாத பொட்டியை வெச்சுட்டு முழிச்சிட்டு இருப்பாங்க. ஸ்டிக்கர்ல சிவப்பு பேனால சின்னதா 7ன்னு எழுதியிருக்கு. உங்களோடதா இருந்தா சொல்லுங்க, தபால் செலவு என்னோடது. அப்படியே உங்க கார்டையும் ஒருதடவை திருப்பிப் பாருங்க, பிறை மாதிரி கருகின தழும்போட ஒரு சிப் இருந்தா அது என்னோடது.