எக்ஸ்போரெயிலில் முதலில் எதைப் பார்ப்பது: 2850-ஐயா, 5935-ஐயா?

மாண்ட்ரியலுக்கு அருகே செயின்ட் கான்ஸ்டன்ட்டில் உள்ள கனடிய ரயில் அருங்காட்சியகமான எக்ஸ்போரெயிலில் இந்த இரண்டு நீராவி இன்ஜின்களும் இருக்கின்றன. இரண்டையும் கனடியன் பசிபிக் ரயில்வேக்காகக் கட்டியது மாண்ட்ரியல் லோகோமோட்டிவ் வொர்க்ஸ்.

புகழ் 2850-க்குத்தான். 1938-இல் வந்த இது, 1939-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ரயிலை கியூபெக்கிலிருந்து மேற்கே வான்கூவர் வரை இழுத்தது. அதன் பிறகே இந்த வகைக்கு 'ராயல் ஹட்சன்' என்ற பெயர் வந்தது. பக்கவாட்டில் கிரீடச் சின்னமும் ஏறியது.

5935-க்கு அப்படி ராஜ மரியாதை எதுவும் இல்லை. ஆனால் என் மனம் நிற்பது இதன் முன்தான். செல்கர்க் வகை, ராக்கி மலை ஏற்றங்களுக்கென்றே உருவானது. இரண்டின் சக்கரங்களையும் பாருங்கள், வேலை புரிந்துவிடும். 2850-இன் இயக்குசக்கரங்கள் ஆறு. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் உயரம், சமவெளியில் வேகமாக ஓட. 5935-க்கோ பத்து, உயரம் 1.6 மீட்டர்தான். சிறிய சக்கரம் வேகத்தைக் குறைத்தாலும் இழுவிசையைக் கூட்டும். பத்து இயக்குசக்கரங்கள் சேர்ந்து அதிக எடையைத் தாங்குவதால் ஏற்றத்தில் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். எரிபொருள் எண்ணெய்.

இதெல்லாம் சரி, ஆனால் இது வந்தது 1949-இல். டீசல் ஏற்கெனவே வாசலில் நின்றது. கனடியன் பசிபிக் வாங்கிய கடைசி நீராவி இன்ஜின் இதுதான். நேரம் குறைவென்றால் நேராக 5935-இடம் போங்கள்.