12 மில்லிகிராம் ஃப்ரீபேஸ்: வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு

இங்கே பிரிட்டனில், லெஸ்டரில் இருக்கும் நண்பர் சிகரெட்டை விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார். தூக்கிப்போடும் வேப்களை (மின்சிகரெட்) விற்பது 2025 ஜூன் 1 முதல் தடையாகிவிட்டதால், நிக்கோடின் லிக்விட் ஊற்றிக்கொள்ளும் சின்ன பாட் கருவி ஒன்றை வாங்கிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "லிக்விட்ல ஃப்ரீபேஸா, சால்ட்டா? எத்தனை மில்லிகிராம் வாங்குறது?" ஃப்ரீபேஸ், சால்ட் இரண்டும் லிக்விட்டில் நிக்கோடின் இருக்கும் இரண்டு வடிவங்கள்; மில்லிகிராம் என்பது ஒரு மி.லி. லிக்விட்டில் இருக்கும் நிக்கோடின் அளவு. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இது ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர்களுக்காக மட்டும். புகைக்காதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். சிகரெட்டை விட இதில் கெடுதல் மிகக் குறைவு என்றுதான் இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். சொல்கிறது; கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. நிக்கோடின் விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள் என்பதும் மாறவில்லை.

நான் வருடக்கணக்காக 12 மில்லிகிராம் ஃப்ரீபேஸில் இருக்கிறேன். புகையிலைச் சுவை, லிக்விட்டின் அடிப்படையான பி.ஜி.யும் (ப்ரொப்பிலீன் கிளைக்கால்) வி.ஜி.யும் (வெஜிடபிள் கிளிசரின்) பாதிக்குப் பாதி. கருவிகள் மாறியிருக்கின்றன, லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில்கள் மாறியிருக்கின்றன, லிக்விட் மாறவில்லை. காரணம் ஒன்றே ஒன்று: தொண்டையில் விழும் அந்த அடி. இங்கே எல்லாரும் த்ரோட் ஹிட் என்பார்கள். சிகரெட்டை முதல் இழுப்பு இழுக்கும்போது தொண்டையின் பின்பக்கம் ஒரு பிடி பிடிக்குமே, அதேதான். சிகரெட்டை விட்டவனுக்கு நிக்கோடினை விட அதிகமாக ஏக்கம் தருவது அந்தப் பிடிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலையில் காபிக்குப் பிறகு நான்கைந்து இழுப்பு. தொண்டை "போதும்" என்கிறது. கருவியைக் கீழே வைத்துவிடுகிறேன். அந்தப் "போதும்" எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை சால்ட்டைக் கொஞ்ச நாள் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். சால்ட் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எங்கே நிறுத்துவது என்பது தெரிவதில்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கை தானாகவே கருவியை எடுக்கிறது, வாய் தானாகவே இழுக்கிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், புகையிலை இலையில் நிக்கோடின் பெரும்பாலும் அமிலங்களோடு சேர்ந்த உப்பாகத்தான் இருக்கிறது. அந்த அமிலத்திலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் நிக்கோடின்தான் ஃப்ரீபேஸ். அதற்குக் காரத்தன்மை உண்டு, தொண்டையை உறுத்தும். சிகரெட் கம்பெனிகளுக்கு இது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த விஷயம். அமோனியா சேர்த்து நிக்கோடினை இந்த வடிவத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றி அவர்களுடைய உள்ளக ஆவணங்களே பேசுகின்றன. சால்ட்டில் நேர் எதிரான வேலை நடக்கிறது. ஃப்ரீபேஸோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து உறுத்தலை அடக்கிவிடுகிறார்கள். அதனால்தான் 2015-இல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற வேப் ஒரு மி.லி.க்கு 59 மில்லிகிராம் வரை போக முடிந்தது. ஃப்ரீபேஸில் அந்த அளவுக்குப் போனால் ஒரு இழுப்புகூட இழுக்க முடியாது. பிரிட்டனில் சட்டப்படி மி.லி.க்கு 20 மில்லிகிராம்தான் உச்சம்.

சரி, எத்தனை மில்லிகிராம்? பாட்டிலில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்த எண் ஒரு மி.லி.க்கு எவ்வளவு என்பதுதான். ஒரு இழுப்பில் எவ்வளவு லிக்விட் ஆவியாகிறது என்பதைக் கருவிதான் தீர்மானிக்கிறது. ஒரு ஓமுக்கு மேலே காயில், 10 முதல் 15 வாட், சிகரெட் போல முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு நுரையீரலுக்கு அனுப்பும் வகை என்றால் ஒரு இழுப்புக்குச் செலவாகும் லிக்விட் மிகக் கொஞ்சம். 0.2 ஓம் காயில், 60 வாட், நேராக நெஞ்சுக்குள் இழுத்து மேகம் மேகமாக விடும் வகை என்றால் பல மடங்கு போகும். பெரிய கருவியில் 3 பிடிப்பவரும் சின்னக் கருவியில் 12 பிடிப்பவரும் ஏறக்குறைய ஒரே அளவு நிக்கோடின் எடுத்துக்கொண்டிருக்கலாம். இதைச் சொல்லாமல் "கம்மியா ஆரம்பிங்க, அதுதான் நல்லது" என்று 3-ஐக் கையில் கொடுக்கும் கடைக்காரர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

என் மச்சினனுக்கு அதுதான் நடந்தது. எழுந்த பத்து நிமிடத்தில் பால்கனியில் நின்று தம் அடிப்பவன். கடையில் அவனுக்குச் சின்ன பாட் கருவியையும் 3 மில்லிகிராம் ஃப்ரீபேஸையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நாள் முழுக்க வாயிலேயே வைத்திருந்தான். லிக்விட் ஊற்றும் டேங்க் காலியாகிக்கொண்டே இருந்தது, ஆசை மட்டும் அடங்கவே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வந்தான், "வேப் எனக்கு வேலைக்கு ஆகல" என்று முடிவும் கட்டிவிட்டான். அதே கருவியில் 12 ஊற்றிக் கொடுத்த வாரத்திலேயே சிகரெட் நின்றது. லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்விலும் இதையேதான் பார்த்தார்கள். வேப்பில் பழகிய 20 பேருக்கு 6-ஐயும் 18-ஐயும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, 6-இல் இருந்த நாட்களில் அவர்கள் அதிக முறை இழுத்தார்கள், ஒவ்வொரு இழுப்பையும் நீட்டினார்கள், லிக்விட்டும் அதிகம் செலவானது. பவரைக் கூட்டும் வசதி இருந்தபோது கூட்டவும் செய்தார்கள். இப்படி அதிகம் சூடாக்கி அதிகம் இழுத்தால் ஃபார்மால்டிஹைட் போன்ற வேண்டாத பொருட்களும் கூடவே உள்ளே போகும். எண்ணைக் குறைத்தால் கெடுதல் குறையும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் கணக்கு இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை விட, எழுந்த பிறகு முதல் சிகரெட் எப்போது என்பதைப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் சின்னக் கருவியில் 12-க்குக் கீழே ஆரம்பிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் 18. மதிய சாப்பாடு வரைக்கும் தாங்கும் என்றால் 6 போதும். இழுத்ததும் இருமல், விக்கல், தலைசுற்றல், குமட்டல் வந்தால் அதிகம் என்று அர்த்தம். நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடியுங்கள், அடுத்த பாட்டிலில் ஒரு படி இறங்குங்கள். விடாமல் இழுத்தும் எரிச்சல் தீரவில்லை, யாரைப் பார்த்தாலும் கோபம் வருகிறது என்றால் குறைவு. முதல் சில இழுப்புக்குப் பலருக்கும் இருமல் வரும், அதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

12-இலிருந்து 6-க்கு ஒரேயடியாக இறங்குவது பாதியாகக் குறைப்பது. பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள். நடுவில் 9 கடையில் கிடைப்பது அபூர்வம். ஒரே கம்பெனியின் ஒரே சுவையில் 12-ஐயும் 6-ஐயும் சம அளவு கலந்தால் 9 வந்துவிடும். அடுத்து 6-ஐயும் 3-ஐயும் கலந்தால் 4.5. கலக்கும்போது கையுறை போடுங்கள், தோலில் பட்டால் உடனே கழுவுங்கள். 10 மி.லி. பாட்டில் ஒன்றில் 12 என்றால் மொத்தம் 120 மில்லிகிராம் நிக்கோடின் இருக்கிறது. ஒரு குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. மூடியை அழுத்தித் திருகும்படி வைத்திருப்பது அதனால்தான். எங்கள் வீட்டில் பாட்டில்கள் பூட்டிய மேசை இழுப்பறைக்குள்தான் இருக்கும். லிக்விட்டுக்கும் இருட்டுதான் நல்லது. வெளிச்சமும் காற்றும் பட்டால் நிக்கோடின் பழுப்பாகி, மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் வந்துவிடும்.

அப்புறம் பி.ஜி., வி.ஜி. விகிதம். பி.ஜி. தண்ணீர் மாதிரி, சுவையையும் தொண்டை அடியையும் தூக்கிக் கொடுப்பது அதுதான். வி.ஜி. கெட்டியானது, ஆவிக்கு அடர்த்தி கொடுக்கும். 70 பங்கு வி.ஜி. உள்ள லிக்விட்டைச் சின்னக் கருவியில் ஊற்றினால் காயிலோடு இருக்கும் பஞ்சுக்குள் வேகமாக ஊறாது, ஒருநாள் கருகிய பஞ்சை இழுப்பீர்கள். சின்னக் கருவி என்றால் பாதிக்குப் பாதிதான். புதுக் காயில் போட்டால் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். இனிப்பு லிக்விட்கள் காயிலைச் சீக்கிரம் கரியாக்கிவிடும், அவற்றில் சேர்க்கும் சுக்ரலோஸ்தான் காரணம்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது, இதை எழுத உட்கார்ந்ததிலிருந்தே உள்ளே குமைந்துகொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 12 மில்லிகிராம் ஃப்ரீபேஸ், பாதிக்குப் பாதி, கடைகளில் கிடைப்பதில்லை. முன்பு எங்கள் பகுதிக் கடையில் ஒரு தட்டு முழுக்க இருக்கும். பிறகு ஒரு வரிசை ஆனது. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் தூசி படிந்த இரண்டு பாட்டில், அதுவும் மென்தால். சுவர் முழுக்க 10, 20 சால்ட். இன்னொரு பக்கம் பெரிய கருவிக்கான ஷார்ட்ஃபில்: நிக்கோடின் இல்லாத 50 மி.லி. லிக்விட், அதோடு 18 மில்லிகிராம் நிக் ஷாட் (சுவையில்லாத நிக்கோடின் லிக்விட்) 10 மி.லி. ஊற்றிக் கலக்கினால் 3 வரும். நடுவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை. கேட்டால் "சால்ட் 10 எடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார் கடைப் பையன். ஒன்று இல்லை. இவ்வளவு நேரம் நான் எழுதியது முழுக்க அது ஏன் ஒன்று இல்லை என்பதைப் பற்றித்தான்.

நான் வழக்கமாக வாங்கும் லிக்விட்டும் இந்த வருடம் மாறிவிட்டது. பெட்டி அதே நிறம், அதே பெயர், அதே எண். ஒரு இழுப்பு இழுத்ததும் தொண்டையில் ஒன்றுமே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் சால்ட் என்று இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றியிருக்கிறார்கள். கடிதம் எழுதிக் கேட்டதற்கு "வாடிக்கையாளர் விருப்பம்" என்று பதில் வந்தது. நானும் அவர்களுடைய வாடிக்கையாளர்தான்.

நியாயமாகவும் பேச வேண்டும். சிகரெட்டை விடும் முதல் வாரங்களில் சால்ட் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. இருமல் இல்லாமல் 20 வரை போக முடிகிறது, ஆசை சீக்கிரம் அடங்குகிறது. அதனால் சிகரெட்டை விட்டவர்களை எனக்கே தெரியும். அவர்களிடம் போய் ஃப்ரீபேஸ்தான் உசத்தி என்று வாதாட மாட்டேன்.

வரி வேறு வருகிறது. 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு வரி, அதன் மேல் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்தால் 2.64. நிக்கோடின் எவ்வளவு இருந்தாலும், அறவே இல்லாவிட்டாலும் ஒரே தொகை. ஆக 3-ஐ வைத்துக்கொண்டு நாள் முழுக்க இழுப்பவர்தான் அதிகம் கட்டப்போகிறார். 60 மி.லி. ஷார்ட்ஃபில்லுக்கு ஷாட்டையும் சேர்த்து 15 பவுண்டுக்கு மேல் வரி மட்டுமே ஆகிறது. தேவையான பலத்தில், கொஞ்சமாகப் பிடிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

நண்பர் டிசம்பரில் சென்னை போகிறார், அதற்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டின் இறக்குமதி, விற்பனை எல்லாமே சட்டப்படி குற்றம். கருவியையும் லிக்விட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். நிக்கோடின் சூயிங்கம் அங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கும். வழியில் சிங்கப்பூரில் இறங்கினால் இன்னும் கடுமை, கையில் வைத்திருப்பதே குற்றம்.

கடைசியில் அவருக்கு நான் சொன்னது 20 சால்ட். இவ்வளவும் எழுதியவன் அதைச் சொல்வது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர், எழுந்ததும் பற்றவைப்பவர். ராத்திரி பதினொரு மணிக்கு லிக்விட் தீர்ந்துபோனால் தெருமுனைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அவருக்குக் கிடைக்கப்போவது சால்ட்தான். 12 ஃப்ரீபேஸை நம்பி அவர் போய் நின்றால், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியிலிருந்து சிகரெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அபாயத்தை அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் மிச்சமிருந்த பழைய சரக்கில் பிரிக்காத இரண்டு பாட்டிலை மட்டும் அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சிகரெட் நின்று ஒரு மாதம் ஆன பிறகு பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பாதிக்குப் பாதி 12 ஃப்ரீபேஸ் எங்காவது தொடர்ந்து கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும், எனக்கே அடுத்த மாதத்துக்குச் சரக்கு இல்லை.