முனீஸ்வரன் கோயில் தெருவில் 4 வருஷமாக எனாமல் வாங்குகிறேன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ஒரு நாள் வந்து, தேக்குத் தூண் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு பித்தளைச் சொம்போடு ஊர் திரும்பியவர்கள். என் கணக்கு வேறு. மதுரையில் என் வீட்டுப் பின்னறையில் சின்னதாக ஓர் இணையக் கடை நடத்துகிறேன். கடை என்றால் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு வாட்ஸ்அப் எண், இரண்டு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். பழைய அடுப்படிச் சாமான் மட்டும் விற்கிறேன். சரக்கில் பாதிக்கு மேல் இந்தத் தெருவில் எடுப்பதுதான். வாங்கி விற்கிறவளுக்கு இந்தத் தெரு கட்டுப்படியாகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டதால் எழுதுகிறேன்.

கட்டுப்படியாகும். எனக்கு முதல் வருஷம் ஆகவில்லை. தப்பு தெருவின் மேல் பாதி, என் மேல் பாதி.

மாட்டுத்தாவணியில் விடிகாலை பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காலைப் பலகாரத்துக்குக் காரைக்குடி போய்விடலாம். கடைகள் எல்லாம் திறந்து, வாசலில் சாமான் எடுத்து வைத்து முடிக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும். உள்ளே வெளிச்சம் கம்மி. போன் டார்ச் போதாது. நான் தலையில் மாட்டும் விளக்கு ஒன்று கொண்டு போகிறேன். முதல் தடவை மாட்டிக்கொண்டு நின்றபோது சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது. கூடவே ஒரு காந்தம், ஒரு ஒரு ரூபாய்க் காசு, தையல் டேப், ஒரு பாட்டில் தண்ணீர்.

வாசலில் கதவு நிலை, தூண், ஊஞ்சல் பலகை. உள்ளே போனால் பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படங்கள், சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, தகர விளம்பரப் பலகைகள். ஒரு மூலையில் யார் யாருடைய தாத்தா பாட்டியோ சட்டத்துக்குள் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் படங்களை நான் வாங்குவதில்லை. நல்ல விலைக்குப் போகும், கஃபே வைக்கிறவர்கள் கேட்கிறார்கள். என்றாலும் மனசு வரவில்லை.

எனக்கு வேண்டியது அடுத்த அறையில் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குக் கொடுத்த சீர்ச் சாமானைப் பரப்பி வைத்து ஊருக்குக் காட்டுவது வழக்கம். ஒரு தூக்கு, ஒரு தட்டு என்று கொடுத்ததில்லை, டஜன் கணக்கில் கொடுத்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வியாபாரம் செய்தவர்கள் கப்பலில் இறக்கியதும் சேர்ந்துகொண்டது. அவ்வளவையும் யார் புழங்கித் தீர்ப்பது? அப்படியே அறையில் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். இப்போது ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். வீட்டைப் பராமரிக்க முடியாமல் பிரிக்கும்போது அறைச் சாமான் இந்தத் தெருவுக்கு வருகிறது. அதனால்தான் இங்கே 60, 70 வருஷத்துப் பாத்திரம் ஒரு சொட்டுக் குழம்பு படாமல் கிடைக்கும். வேறு ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் இது கிடைக்காது.

அதிலும் எனாமல், அதாவது கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்புப் பாத்திரம். இங்கே வயதானவர்கள் பீங்கானையும் எனாமலையும் சேர்த்து மங்குச் சாமான் என்பார்கள். அடுக்குத் தூக்கு, மூடி போட்ட கிண்ணம், பூப்போட்ட தட்டு, கூஜா. ஸ்வீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. அடியைத் திருப்பினால் சிலவற்றில் முத்திரை இருக்கும். 'கே.இ.ஆர். ஸ்வீடன்' என்று இருந்தால் அது ரொன்னெபி என்ற ஊர்ப் பக்கம் இருந்த காக்கும்ஸ் ஆலையின் சரக்கு. முத்திரையை ஒரு படம் எடுத்துப் போட்டால் போதும், அரை மணியில் விற்றுவிடும். முத்திரை இல்லாத அதே தூக்கு இரண்டு மாதம் அலமாரியில் நிற்கும். தரத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்றால், என் கைக்குத் தெரிந்தவரை பெரிதாக இல்லை.

முதல் வருஷம் அடிபட்டது இதில்தான். ஒரு கடையில் நாலடுக்குத் தூக்கு, இளம்பச்சை, ஓரத்தில் கருநீலக் கோடு. கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, அது எந்த ஊர் எந்த வீட்டு ஆச்சி ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்று கால் மணி நேரம் சொன்னார். நானும் அதை அப்படியே எழுதிப் பதிவு போட்டு 2,800 ரூபாய்க்கு விற்றேன். வாங்கிய அம்மா அதில் சூடாக சாம்பார் ஊற்றியிருக்கிறார். அடித்தட்டில் உள்பக்கம் ஒரு இடம் கொப்பளித்து உரிந்துவிட்டது. சில்லு போன இடத்தில் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன், இரண்டு பக்க கூரியர் செலவும் என்னுடையது. கடைக்குப் போய்க் கேட்டபோது, "நாங்க வாங்கும்போதே அப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார். இருந்திருக்கலாம். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் காசும் காந்தமும் பையில் ஏறின. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் பிடிக்க வைத்த கண்ணாடி. காசு ஓரத்தால் லேசாகச் சுரண்டினால் கண்ணாடி அசையாது, பெயின்ட் தூளாக வரும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சுரண்டுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் அடியில் இரும்பு இல்லை, பெரும்பாலும் அலுமினியத்தில் பெயின்ட். விரல் நுனியால் விளிம்பு முழுக்க ஒரு சுற்றுத் தடவ வேண்டும், கண்ணுக்குத் தப்பும் சில்லு கைக்குத் தப்பாது. சில்லு வெளிப்பக்கம் என்றால் பரவாயில்லை. உள்பக்கம் என்றால் துரு பிடிக்கும், சாப்பாட்டுக்கு ஆகாது, செடி வைக்கலாம் என்று சொல்லித்தான் விற்கிறேன்.

இப்போது என் பக்கத்தில் எந்தப் பொருளுக்கும் முதல் படம் அதன் குறைதான். சில்லு, நசுங்கல், ஆடும் கைப்பிடி. அழகான படம் மூன்றாவதோ நாலாவதோ. என் மகளுக்கு இது பிடிக்கவில்லை. "அம்மா, இப்படிப் போட்டா யாரு வாங்குவா?" என்றாள். வாங்குகிறார்கள். திரும்பி வரும் பார்சல்தான் நின்றுவிட்டது.

பித்தளை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இந்தத் தெருவில் பித்தளை எடை போட்டுத்தான் பேசுவார்கள், எடை பேசினால் என் மாதிரி ஆளுக்கு லாபம் ஒட்டாது. எடுத்தால் சின்னது மட்டும்: உழக்கு, ஆழாக்கு, வெற்றிலைப் பெட்டி, முறுக்கு அச்சு. தண்ணீர் ஊற்றி வைத்து ஒட்டு கசிகிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பேன், பாட்டில் தண்ணீர் அதற்குத்தான். சமைக்கக் கேட்பவர்களிடம், ஈயம் பூசாமல் புளியும் மோரும் வைக்காதீர்கள், களிம்பு ஏறும் என்று தட்டச்சு செய்து தட்டச்சு செய்து ஓய்ந்து, இப்போது அதையே ஒரு சீட்டாக அச்சடித்துப் பெட்டிக்குள் போடுகிறேன். புதிதாக வார்த்துக் கறுப்பேற்றிய சாமானும் இதே அலமாரியில் நிற்கும். திசைகாட்டி, தொலைநோக்கி என்று எது அளவுக்கு மீறிப் பழசாகத் தெரிகிறதோ அதைத் தொடாதீர்கள்.

பித்தளையில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பெயர் வெட்டு. நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். இங்கே கிடைப்பதில் முக்கால்வாசி, தலைப்பெழுத்தாக மூன்று நான்கு எழுத்து, பக்கத்தில் புள்ளி. விளிம்போரம் சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியது. ஆரம்பத்தில் அதை மறைத்துப் படம் எடுத்தேன், அடுத்தவர் பெயர் போட்ட பாத்திரத்தை யார் வாங்குவார்கள் என்று. பிறகு ஒரு பெண் எழுத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பத்தா பேரும் இதே மூணு எழுத்துதான், எடுத்து வைங்க" என்றார். வேறு வீட்டு அப்பத்தா என்று அவருக்கும் தெரியும். இப்போது எழுத்தைப் பெரிதாக்கித் தனிப் படமாகப் போடுகிறேன். 'மீ' என்று தொடங்கினால் ஒரே நாளில் போகிறது, மதுரை இல்லையா. எழுத்தைத் தேய்த்து அழித்துத் தர முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது என்று சொல்லிவிடுவேன்.

விலை. சொல்வதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஒரு சொம்பு வாங்குகிறவருக்கு அது சரி. நான் பேரம் பேசுவதைக் குறைத்துவிட்டேன். ஒன்றாக எடுக்காமல் பத்தாக எடுப்பேன், பணம் கையில் கொடுப்பேன், பில் கேட்பேன். என் சராசரி இப்படி இருக்கும்: எனாமல் கிண்ணம் 250 ரூபாய்க்கு எடுத்து 550-க்கு விற்கிறேன். பஸ், சாப்பாடு, மூட்டைக் கூலி, குமிழித் தாள், பெட்டி எல்லாம் போக ஒரு கிண்ணத்தில் 150 ரூபாய் நின்றால் நல்ல நாள்.

அடுக்குத் தூக்கில் லாபம் கூட நிற்க வேண்டும், நிற்காது. காரணம் பெட்டி. கூரியரில் நிஜ எடை ஒன்று, கன அளவு எடை ஒன்று, எது கூடவோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். தூக்கைக் குமிழித் தாள் சுற்றிப் பெட்டியில் வைத்தால் 30-க்கு 25-க்கு 40. நிஜ எடை இரண்டரை கிலோ, கன அளவு எடை 6 கிலோ. காற்றுக்குக் காசு கட்டுகிறோம். அதனால் தெருவிலேயே டேப்பை எடுத்து, போகப்போகும் பெட்டியை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பேன். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சாமான்தான் எனக்கு லட்சுமி. ஆறு கிண்ணம் அடுக்கினால் இரண்டு கிண்ணத்தின் இடம்.

தெருவில் இன்னொன்றும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "இது 150 வருஷம்மா." ஒரு கடைக்காரர் நான் போன மூன்று தடவையிலும் ஒரே பூட்டுக்கு மூன்று வயது சொன்னார். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளையும் கைவினைப் பொருளையும் விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் அனுப்பவே முடியாது. ஆக அவர் சொல்வது நிஜம் என்றால் உரிமம் காட்ட வேண்டும், பொய் என்றால் விலையைக் குறைக்க வேண்டும். ஒரு தடவை சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அன்றைக்குப் பூட்டுக்கு 80 வயது ஆனது. சிலை, கோயில் விளக்கு, ஓலைச்சுவடி பக்கம் நான் போவதே இல்லை, நீங்களும் போகாதீர்கள். என் பாத்திரங்களை சிங்கப்பூரிலிருந்து கேட்டாலும், பெங்களூரிலிருந்து கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்: அனுப்புவதில்லை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், இந்த அளவுக் கடைக்கு அந்தத் தலைவலி இப்போதைக்கு வேண்டாம் என்று தமிழ்நாட்டோடு நிறுத்தியிருக்கிறேன்.

யாருக்கு இந்தத் தெரு ஆகாது என்றால், வீட்டிலிருந்தே போனில் படம் பார்த்து மொத்தமாக எடுக்க நினைப்பவர்களுக்கு. இரண்டு தடவை அப்படி எடுத்தேன். படத்தில் தெரிந்த பக்கம் மட்டும் நன்றாக இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் இங்கே எதுவும் வாங்கக் கூடாது. திருப்பிப் பார்க்க விடாத கடையும் உண்டு, நான் போய் வருவதில் ஒன்றிரண்டு. வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடலாம். சனிக்கிழமையும் விடுமுறை நாளும் வேண்டாம், வேனில் வந்து இறங்குகிறவர்கள் முன்னால் நம்மிடம் பேச யாருக்கும் நேரம் இருக்காது. மழைக்காலத்தில் எடுப்பவர்கள் மரச் சாமானைத் தட்டிப் பாருங்கள், செல் அரித்தது சத்தத்தில் தெரிந்துவிடும்.

நான் தொடர்ந்து எடுப்பது இரண்டே கடையில். ஒன்று தெருவில் பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத கடை. அங்கே இருக்கும் அண்ணன் காபி வாங்கித் தர மாட்டார், எந்த ஆச்சி வீட்டுச் சாமான் என்றும் சொல்ல மாட்டார். கேட்டால், "தெரியலம்மா, மூட்டையில வந்துச்சு" என்பார். போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. 12 எனாமல் கிண்ணம் வந்திருக்கிறதாம், ஒரே செட்டு, மஞ்சளில் சிவப்புக் கோடு. "அதுல மூணு உள்ள சில்லு போயிருக்கும்மா, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். வியாழக்கிழமை பஸ் ஏறுகிறேன்.