ஒப்பந்தம் முடிந்தும் சர்வரை விட்டு வெளியேறாத பராமரிப்பு நிறுவனம்

எங்கள் விண்டோஸ் சர்வரைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வேலையை வெளியாளிடம் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

சர்வர் மந்தமாக இருக்கிறது என்று அவர்களிடம் புகார் சொன்னோம். "மெமரி பத்தவில்லை, கூட்டிப் போடுங்கள்" என்றார்கள். அவர்களிடமே வாங்கி, சர்வரை நிறுத்தாமலே சேர்த்தோம். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய மந்தம்தான். ஒப்பந்தம் முடிந்தபோது, தங்கள் ஆட்களுக்கு இனி எந்த அணுகலும் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு, ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து சர்வரில் நுழைந்து வேலை செய்யும் வசதி) வழியாக யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க நினைத்தேன்.   இன்னொரு சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) திறந்து, உள்ளே இருப்பவர்களைப் பட்டியலிடும் 'க்வெரி யூசர்' கட்டளையோடு இந்த சர்வரின் பெயரைக் கொடுத்தேன். இரண்டு வரி வந்தது. இரண்டும் அவர்களுடைய கணக்கு.

நிலையைக் காட்டும் இடத்தில் 'டிஸ்க்' (Disc, அதாவது இணைப்பு துண்டிக்கப்பட்டது) என்று இருந்தது. ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், லாக் ஆஃப் செய்யவில்லை என்று அர்த்தம். அப்படி விட்டால் திறந்துவைத்த நிரல்கள் எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். சும்மா கிடந்த நேரத்தைக் காட்டும் இடத்தில் கூட்டல் குறிக்கு முன்னால் வருவது நாள் கணக்கு, அது மாதக்கணக்கைத் தொட்டிருந்தது. உள்நுழைந்த தேதியைப் பார்த்ததும்தான் கோபம் தலைக்கேறியது. நாங்கள் மெமரி வாங்கியதற்கும் முந்தைய தேதி. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'டாஸ்க்லிஸ்ட்' கட்டளையில் அவர்களுடைய செஷன் (ஒருவர் உள்நுழைந்ததிலிருந்து லாக் ஆஃப் செய்யும் வரை உள்ள அமர்வு) எண்ணை வைத்து வடிகட்டிப் பார்த்தால், மெமரியைத் தின்றவை பெரும்பாலும் அவர்கள் மூடாமல் விட்ட பிரவுசரும் கண்காணிப்பு நிரலும்தான். எங்கள் இடத்தை அடைத்துவைத்துக்கொண்டு எங்களுக்கே இடம் விற்றிருக்கிறார்கள்!

கேட்டதற்கு, "கவனிக்காமல் விட்டிருப்போம்" என்றார்கள். மெமரிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம், பதில் இல்லை.

உங்களுக்கும் இப்படி நடந்தால் உடனே விரட்ட வேண்டாம். கட்டளை காட்டியதை முதலில் ஒரு கோப்பில் சேமியுங்கள். சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பாதுகாப்புப் பதிவையும் எடுத்து வையுங்கள், நிரம்பினால் பழையவை அழிந்துவிடும். தணிக்கை (உள்நுழைவுகளைப் பதிவு செய்யும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால், அதில் 4624 என்ற நிகழ்வு எண் உள்நுழைவைக் குறிக்கும், 4778 விட்ட செஷனுக்குத் திரும்பி வந்ததைக் குறிக்கும். ஒப்பந்தம் முடிந்த பிறகு யாராவது வந்தார்களா என்று அதில் தெரியும். அதற்கப்புறம் செஷன் எண்ணோடு 'லாக்ஆஃப்' கட்டளையைக் கொடுத்து அவர்களை வெளியேற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும், கணக்கை முடக்கினாலும் உள்ளே ஓடுகிற செஷன் தானாக நிற்காது, இதைத்தான் பலர் நம்பி ஏமாறுகிறார்கள். குரூப் பாலிசியில் (விண்டோஸ் விதிகளை அமைக்கும் இடம்) துண்டித்த செஷனுக்குக் காலக்கெடு வைக்கலாம். பகிர்ந்த கோப்புறை வழியாக மட்டும் இணைந்திருப்பவர்கள் 'க்வெரி யூசர்' பட்டியலில் வரமாட்டார்கள், அவர்களை 'நெட் செஷன்' கட்டளை போட்டுத் தனியாகப் பாருங்கள்.