செடம்: உயர்ந்து நிற்பதா, படர்ந்து கிடப்பதா?

செப்டம்பர் வந்துவிட்டால் டொராண்டோவில் எந்த கார்டன் சென்டருக்குப் போனாலும் வாசலிலேயே செடம் தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மற்ற செடிகளெல்லாம் களைத்துப்போன நேரத்தில் இது மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்துக்கொண்டு நிற்கும், கை தானாகப் போகும். வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் பூவின் நிறம் சில வாரக் கதைதான். மீதி மாதங்களில், அதிலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அந்த இடத்தில் கண்ணுக்கு என்ன தெரியப் போகிறது என்று பார்த்துத்தான் எந்த செடம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஒரே பெயரில் விற்றாலும் இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று முழங்கால் உயரத்துக்கு நேராக வளர்ந்து, குளிரில் மேல்பாகம் காய்ந்து, வசந்தத்தில் அடியிலிருந்து மறுபடி கிளம்புவது. மற்றது தரையோடு தரையாகப் படர்வது. அதில் பல வகைகள் பனிக்கு அடியிலும் இலையோடுதான் இருக்கும். உயரமானதைத் தாவரவியலாளர்கள் ஹைலோடெலிஃபியம் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள், லேபிளில் அப்படி இருந்தால் வேறு ஏதோ செடி என்று திரும்பி வந்துவிடாதீர்கள். இரண்டும் நம்மூர் ரணகள்ளியின் குடும்பம்தான். சதைப்பிடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வறட்சி வந்தால் பல வகைகள் இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறந்துகொள்ளும். ஜூலை வெயிலில் ஊற்ற ஆளில்லாமல் கிடந்தாலும் பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

முதலில் உயரமானவை. கடைகளில் அதிகம் கிடைப்பது 'ஆட்டம் ஜாய்'. ஜெர்மனியில் கியோர்க் ஆரெண்ட்ஸ் உருவாக்கிய கலப்பு, 1955இல் விற்பனைக்கு வந்தது, இன்னும் யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. ஜூலையில் மொட்டுத் தலைகள் ப்ரோக்கோலி மாதிரி வெளிர்பச்சையாக இருக்கும், ஆகஸ்ட் கடைசியில் இளஞ்சிவப்பாகும், அப்புறம் செங்கல் நிறம், அக்டோபரில் துரு நிறம். தண்டு விறைப்பாகவே காய்வதால் முதல் பனி விழும்போது ஒவ்வொரு தலையிலும் வெள்ளைத் தொப்பி உட்காரும். முன்வாசலில் ஐந்து மாதம் வெறும் மண்ணைப் பார்க்கிற நமக்கு இது பெரிய விஷயம்.

இதற்கு நேர் போட்டி 'பிரில்லியன்ட்'. பூக்கும்போது மட்டும் வைத்துப் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும்: நிறம் பளிச்சென்று இருக்கும், மகரந்தத் தாள்கள் இதழைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் தலை முழுக்க பஞ்சு படர்ந்த மாதிரித் தெரியும், பட்டாம்பூச்சிகளும் இதைத்தான் முதலில் தேடி வரும். செப்டம்பரில் மொனார்க் பட்டாம்பூச்சிகள் மெக்சிகோவுக்குக் கிளம்பும் நேரம். ஸ்கார்பரோவில் ரோசெட்டா மெக்லெயின் தோட்டத்தில் ஏரிக்கரை ஓரமாக அவை கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பயணத்தில் அவற்றுக்குத் தேன் உள்ள பூ எவ்வளவு தேவை என்று. ஆட்டம் ஜாய்க்கும் தேனீ வராமல் இல்லை, ஆனால் அதில் உருப்படியான மகரந்தம் கிடையாது. ஆக, பட்டாம்பூச்சிக்காக நடுகிறீர்களா, பிரில்லியன்ட் எடுங்கள். குளிர்காலத் தோற்றத்துக்கு என்றால் ஆட்டம் ஜாய். பூத்து முடிந்த பிரில்லியன்ட் அழுக்குப் பழுப்பாகி நிற்கும், எனக்குப் பிடிப்பதில்லை.

மூன்றாவது 'மட்ரோனா'. இலையில் ஊதா சாயல், கருஞ்சிவப்புத் தண்டு, உயரமும் சற்றுக் கூட. விலையும் கொஞ்சம் கூடத்தான், ஆனால் மே மாதத்திலிருந்தே இலையே பார்க்க நன்றாக இருப்பது இது ஒன்றுதான், தண்டும் தடிமன் என்பதால் அவ்வளவு எளிதில் சாயாது. 'பர்ப்பிள் எம்பரர்' இன்னும் கறுப்பு, ஆனால் நிழல் பட்டால் அந்த நிறம் மங்கி ஏதோ பச்சையாகிவிடும். தெற்குப் பார்த்த வாசல் இல்லாதவர்கள் ஊதா வகைகளுக்குக் காசு கொடுப்பது வீண்.

சாய்வது என்றேன், உயரமான செடத்தின் ஒரே பெரிய தலைவலி அதுதான். ஆகஸ்டில் பூ கனம் ஏறியதும் நடுவிலிருந்து பிளந்து நாலா பக்கமும் விழுந்துவிடும். பலர் உடனே உரம் போதவில்லை என்று கம்போஸ்ட் கொட்டுகிறார்கள், அது நோயை மருந்தாகக் கொடுப்பது. கொழுத்த மண்ணும் நிழலும் அதிகத் தண்ணீரும் சேர்ந்தால் தண்டு மெலிந்து நீளும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும், உரம் வேண்டவே வேண்டாம். இதற்கு ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. மே கடைசியில், லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சி நடக்கும் வாக்கில், தண்டுகளைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். இங்கே குளிர் விலகத் தாமதமாவதால் ஜூன் முதல் வாரம் சரியாக இருக்கும். பூ கொஞ்சம் தாமதமாகும், தலைகள் சிறிதாகும், ஆனால் எண்ணிக்கையில் கூடும், செடி குட்டையாக உருண்டு நிற்கும். வெட்டிய நுனிகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் குத்தி வைத்தால் சில வாரத்தில் வேர் பிடித்துவிடும். ஒரு தொட்டி வாங்கினால் அடுத்த வருடம் தெருவுக்கே கொடுக்கலாம் என்பது இப்படித்தான்.

இனி படர்வன. இங்கே என் எச்சரிக்கை ஒன்றே ஒன்று, அது 'செடம் ஏக்கர்'. மஞ்சள் பூவோடு ஜூனில் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும், கடையில் மலிவாகவும் கிடைக்கும். நெல்மணி அளவு இலைகள், கால் பட்டு ஒரு துணுக்கு உதிர்ந்தாலும் விழுந்த இடத்தில் வேர் விடும். ஐரோப்பாவிலிருந்து வந்து ஒன்டாரியோவில் தன்போக்கில் பரவிவிட்ட செடி இது. டிரைவ்வே வெடிப்பில் புகுந்து பக்கத்து வீட்டுப் புல்தரைக்கும் போகும். நாலு பக்கமும் சிமென்ட் இருக்கும் இடத்துக்கு மட்டும் சரி.

அதற்குப் பதில் 'ட்ராகன்ஸ் ப்ளட்' அல்லது 'ஆஞ்செலினா'. நேருக்கு நேர் வைத்தால் ஆஞ்செலினாவுக்குத்தான் என் ஓட்டு. ஊசி போன்ற இலை, கோடையில் எலுமிச்சை மஞ்சள், குளிர் ஏற ஏற ஆரஞ்சாகும், மார்ச்சில் பனி உருகி எல்லாமே சேற்று நிறத்தில் கிடக்கும்போது இது மட்டும் எரிகிற மாதிரி இருக்கும். ட்ராகன்ஸ் ப்ளட் குளிரில் அடி இலைகளை உதிர்த்துவிட்டு நுனியில் மட்டும் சிவப்புக் கொத்தாக நிற்கும், கிட்டே போய்ப் பார்த்தால் அழகு, தெருவிலிருந்து பார்த்தால் வெறும் குச்சி. ஆனால் களையை அடக்குவதில் அது கெட்டி, பின்னிப்பிணைந்து பாயாகிவிடும். பெரிய சரிவை மூட வேண்டும் என்றால் அதையே நடுங்கள்.

புல்லுக்குப் பதிலாக செடம் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நடக்காத இடமென்றால் தாராளமாக. நடக்கிற இடமென்றால் வேண்டாம், சதை இலை மிதிபட்டால் நசுங்கிவிடும். அங்கே தரையோடு படரும் தைம் என்ற வாசனை மூலிகை ஜெயிக்கிறது, அவ்வப்போது மிதித்தாலும் தாங்கும், மிதித்தால் வாசமும் வரும். அதற்கும் குறை உண்டு: நம் பகுதிக் களிமண்ணில் குளிர்காலத்தில் நீர் தேங்கினால் நடுவில் சொட்டை விழும். களிமண்ணில் செடமும் அழுகும் என்றாலும், சரளை கலந்து கொஞ்சம் மேடாக்கிவிட்டால் சமாளித்துக்கொள்ளும்.

மண் ஆழம் குறைந்த இடத்தில் செடத்துக்குப் போட்டியே இல்லை. டொராண்டோ 2009இல் சட்டம் போட்டு, 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கூரையில் ஒரு பகுதியைப் பசுமையாக்கச் சொன்னது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மண்ணில், காற்றிலும் வெயிலிலும் பிழைக்கிற செடி தேடினால் பெரும்பாலும் படரும் செடத்தில்தான் வந்து நிற்பார்கள். கேரேஜ் ஓரம், அஞ்சல் பெட்டிக்கு அடி, ஜல்லி கிடக்கும் மூலை, எல்லாம் அதே கணக்கு.

வடிவமைப்பு என்று வந்தால், உயரமானதைத் தனியாக ஒன்று நடாதீர்கள், அனாதை மாதிரி நிற்கும். மூன்று அல்லது ஐந்து சேர்த்து, பின்னால் 'கார்ல் ஃபோர்ஸ்டர்' என்ற உயரமான அலங்காரப் புல்லோ எக்கினேசியா என்ற பூச்செடியோ வைத்தால் செடத்தின் தட்டைத் தலையும் புல்லின் நேர்க்கோடும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். டொராண்டோ தாவரவியல் பூங்காவின் நுழைவுத் தோட்டத்தை நெதர்லாந்துக்காரர் பீட் ஔடோல்ஃப் வடிவமைத்தார், ஒரு தடவை டிசம்பரில் போய்ப் பாருங்கள். காய்ந்த தண்டையும் விதைத் தலையையும் வெட்டாமல் விடுவதுதான் அவர் பாணி. நீங்களும் கத்தரியை ஏப்ரல் வரை எடுக்காதீர்கள். அப்போது காய்ந்த தண்டை விலக்கிப் பார்த்தால், அடியில் பட்டாணி அளவில் சாம்பல்பச்சை முளைகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும், அவற்றுக்கு மேலே வெட்டினால் போதும். முயல் உள்ள தெருவென்றால் அந்த முளைகளைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் மழித்துவிடும்.

சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு: இதில் எதுவும் அங்கே வேண்டாம். குளிர்கால ஓய்வு வேண்டிய செடிகள் இவை, வடகிழக்குப் பருவமழையில் அடி அழுகிவிடும். மொட்டை மாடியில் இதே மாதிரி படர்ந்து பூக்க வேண்டும் என்றால் பத்துமணிப் பூ இருக்கிறது, ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே போதும்.