உத்தேசக் கணக்கைப் பழக்கும் விளையாட்டுப் பெட்டி: மூன்று மாதங்கள் பயன்படுத்திய பின்

ஓடியாடிக்கொண்டே உத்தேசமாகக் கணக்கிடக் கற்றுத்தரும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு விளையாட்டுப் பெட்டியை, பதினொரு வயது மகனுக்கும் எட்டு வயது மகளுக்குமாகக் கோடை விடுமுறையில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஸ்டாப்வாட்ச், அரை நிமிடம், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் ஓடக்கூடிய மூன்று மணல் கடிகாரங்கள், ஒரு ஸ்கிப்பிங் கயிறு, 40 அட்டைகள், ஒரு குறிப்பேடு ஆகியவை உள்ளே இருந்தன. மாலை வேளைகளில் மொட்டைமாடியில் மூன்று மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

பள்ளிப் பாடத்தில் தோராயம் என்பது பெரும்பாலும் ஓர் எண்ணை அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. 47 என்பதை 50 என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் அதே குழந்தை விழிக்கும், ஏனெனில் அதற்குத் தேவையான அளவுகோல் தாளில் இல்லை, உடம்பில்தான் இருக்கிறது. எழுத்தை ஒலிக்கும் கால அளவான மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைநொடிக்கும் பொழுதாலும் அளந்தது நம் இலக்கணம். அந்த வழியில்தான் இந்தப் பெட்டியும் செல்கிறது.

அட்டைகளின் அமைப்பே இதன் பெரிய பலம். ஒவ்வொரு செயலையும் தொடங்குமுன் உத்தேசத்தை எழுதிவிட வேண்டும். பிறகு 10 விநாடி மட்டும் செய்து பார்த்து அதைத் திருத்த வேண்டும். அதன் பின்னரே முழு நிமிடமும் செய்ய வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கயிறு தாண்டுவாய் என்ற அட்டைக்கு மகன் முதலில் 200 என்று எழுதினான். பத்து விநாடியில் 19 முறை தாண்டியதும், ஆறால் பெருக்கி 114 என்று திருத்தினான். முழு நிமிடத்தில் வந்ததோ 88. எண்ணியதில் பிழை என்று அவன் நம்பியதால், மறுநாள் பத்துப் பத்து விநாடியாகப் பிரித்துக் குறித்தோம்: 19, 17, 15, 14, 12, 11. பெருக்கல் சரிதான், ஆனால் கால் ஒரே வேகத்தில் ஓடாது என்பதை அந்த ஆறு எண்களைப் பார்த்து அவனே கண்டுகொண்டான். அடுத்த வாரம் தோப்புக்கரணத்தில் பத்து விநாடிக்கு 7 வந்தபோது, 42 என்று எழுதாமல் 34 என்று எழுதினான், போட்டது 36. விகித சமம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு பயிற்சியை நான் கண்டதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் ஆனதாகத் தோன்றும்போது கையை உயர்த்தும் அட்டை மகளுக்குப் பிடித்தது. முதல் நாள் 38 விநாடியில் உயர்த்தினாள். ஒற்றைக் காலில் நின்றபடி செய்தபோது 29 விநாடிதான். இப்போது பெரும்பாலும் 52-க்கும் 65-க்கும் இடையில் உயர்த்துகிறாள்.

குறைகளும் உண்டு, அவற்றுள் முதலாவது மொழியைப் பற்றியது. அட்டைகளில் எங்கும் ‘உங்கள் மதிப்பீட்டை எழுதுக’ என்றே இருக்கிறது. மதிப்பீடு என்றால் பள்ளிக் குழந்தைக்குத் தேர்வுதான் நினைவுக்கு வரும். ‘அம்மா, இதுக்கும் மார்க் போடுவாங்களா?’ என்று மகள் கேட்ட பிறகு, எல்லா அட்டைகளிலும் ‘உத்தேசம்’ என்று கையால் எழுதி ஒட்டினேன். குத்துமதிப்பு என்ற நல்ல சொல்லும் நம்மிடம் இருக்கிறது.

புள்ளி தரும் முறை இதைவிடப் பெரிய குறை. எழுதிய எண்ணும் செய்த எண்ணும் அச்சாகப் பொருந்தினால் மட்டுமே புள்ளி என்பது விதி. இதனால் இரண்டாம் வாரத்திலேயே இருவரும் முழு வேகத்தில் செய்வதை விட்டுவிட்டு, எழுதிய எண் வந்ததும் மெல்ல நிறுத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பத்துக்குள் இருந்தால் புள்ளி, எண்ணுகிறவர் மனத்துக்குள்ளேயே எண்ண வேண்டும் என்று விதியை மாற்றியதும் அது நின்றுவிட்டது. குழந்தையின் நேர்மையைச் சோதிக்கும்படி ஒரு விளையாட்டை வடிவமைத்திருக்கக் கூடாது.

ஒரு நிமிட மணல் கடிகாரம் ஒரு பக்கம் 52 விநாடியும் மறுபக்கம் 57 விநாடியும் ஓடுகிறது. ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு விநாடி வரை காட்டுவதால், 12.31 பெரிதா 12.34 பெரிதா என்று சண்டை வருகிறது. பொத்தானை அழுத்தும் விரலே ஏறத்தாழ 0.2 விநாடி தாமதிக்கும் என்பதால் கடைசி இலக்கத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். கயிறு வளர்ந்த பிள்ளைக்குக் குட்டை.

கடிகாரங்களுக்காக இதை வாங்க வேண்டியதில்லை. ஆணியில் நூலைக் கட்டி, ஆணியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 99 சென்டிமீட்டர் இருக்கும்படி தொங்கவிட்டு ஆட்டினால், அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும்; எங்கள் வீட்டில் இப்போது அதுதான் கடிகாரம். அட்டைகளைத் தனியாக, திருத்திய தமிழில் விற்றால் 300 ரூபாய் கொடுத்து வாங்கலாம். ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட இரண்டு குழந்தைகளாவது சேர்ந்து விளையாட வாய்ப்புள்ள வீட்டுக்கே இது பொருந்தும், ஏனெனில் தாண்டுகிற குழந்தையே எண்ணினால் எண்ணிக்கை தவறிவிடுகிறது.